உதடு மூடிய பிறகும்

அவள் உதடுகளை மூடிவிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

உஸ்... உஸ்... உஸ்... புதருக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பறவைகளை வெளியே வரவழைக்க, பறவை பார்ப்பவர்கள் வாயால் எழுப்பும் ஓசை அது. என்னவோ ஏதோ என்று கதிர்க்குருவிகள் கிளைநுனிக்கு வந்து எட்டிப் பார்க்கும். இவ்வளவு நேரம் அவள்தான் எழுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது அதே ஓசை, அதே இடைவெளி விட்டு, குளக்கரைப் புதருக்குள்ளிருந்து வந்தது. இலையுதிர்ந்த பூங்காவெங்கும் ஈரச் சருகின் புளித்த வாடை. அதற்கும் அடியில், பல வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு மட்டுமே பிடிபடக்கூடிய, கட்டுக்குள் அழுகும் புண்ணின் இனித்த வாடை.

போன் அடித்தது. கணவர்.

"எங்கடி இருக்க?"

"பூங்காவுல. சொல்லிட்டுத்தானே வந்தேன்."

"குருவியைப் பாத்தியா, இல்ல உன்னைப் பாத்து அதுங்க ஓடிப்போச்சா?" சிரித்தார். "சீக்கிரம் வா, காப்பி போடணும்."

"பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு. நீங்களே போட்டுக்குங்க."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"அப்புறம் யாரு உஸ்உஸ்ங்கறது?"

போனை அணைத்தாள். தன் கால்கள் புதரை நோக்கி நடந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். வார்டில் மணி அடித்தால் ஓடிய கால்கள். சோபாவிலிருந்து விரல் சொடுக்கினால் ஓடிய கால்கள். எதற்கென்று கேட்டுப் பழகாதவை.

நின்றாள்.

உஸ்.

இன்னும் பக்கத்தில். பொறுமையிழந்து.

புதருக்கு மேலே நீண்டிருந்த மொட்டைக் கிளையில் கதிர்க்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒரு நொடி சும்மா இருக்காத குருவிகள். ஒரு வால்கூட ஆடவில்லை. கூப்பிட்டதும் வந்தவை.

வாசல் தூரமில்லை. ஓடலாம். ஆனால் இந்தக் காலைப்பொழுதை வீட்டில் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். விடுவதாக இல்லை.

"வரமாட்டேன்." குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நான் வரமாட்டேன். வேணும்னா நீ வா."

ஓசை நின்றது.

பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் திருகினாள். மங்கல் விலகியது. குருவிகளின் திறந்த கண்கள். வெள்ளையாக. கிளை நடுவில் மடங்கியது. முழங்கைபோல. நுனியில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அது எழுந்தது. மரங்களைத் தாண்டியும் எழுந்தது. ஒரு குருவியும் பறக்கவில்லை.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பைனாகுலரை மட்டும் மேலே, இன்னும் மேலே, உயர்த்திக்கொண்டே போனாள்.