அறுபத்து மூன்றாவது கையெழுத்து

காலை எட்டு பத்து லோக்கலில் கஜபதி வாயைத் திறந்தால், அம்பத்தூரில்தான் மூடுவான். பட்டாபிராமுக்கே தெரிந்த விஷயம் இது. லேத்து ஓட்டுகிற பிள்ளை... நாளெல்லாம் இரும்புச் சத்தத்தில் பேச முடியாத குறையை ரயிலில் தீர்த்துக்கொள்கிறான் என்று அவன் அக்காவே சொல்லுவாள்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி. திங்கட்கிழமை. மழை என்றால் அப்படியொரு மழை. கரி எஞ்சினின் புகைகூட நனைந்துபோய், மேலே ஏற மனமில்லாமல் பெட்டியோரமாகத் தவழ்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பெட்டியில் வழக்கம்போல ஃபுட்பால் மைதானம் தயார். மைதானம் என்றால்... கஜபதியின் மடியில் சாப்பாட்டுப் பை, அதன்மேல் விரித்த செய்தித்தாள், தாளின்மேல் வேர்க்கடலை. ஓட்டோடு இருக்கிற பதினொன்று ஆவடி குவார்ட்டர்ஸ் லெவன். உரித்த சிவப்புக் கடலை பதினொன்று பூந்தமல்லி பிரதர்ஸ். ஓரத்தில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு ஒன்று... அது குவார்ட்டர்ஸ் மேனேஜர் தேவராஜ்!

"அரையிறுதி ஆட்டம் மாமே! வேம்புலிய வெளில குந்தவச்சுகினு ஒரு மேனேஜரு டீம் எறக்குவானா?" என்றான் கஜபதி. "அவன் காலு இன்னா காலா? பீரங்கி!"

எதிரே ஜேம்ஸும் துலுக்கானமும். ஒருவன் தபால் ஆபீஸ், மற்றவன் சைக்கிள் கம்பெனி. இருவருமே ரசிகர் சங்கத்து ஆட்கள். கஜபதிதான் செயலாளர்.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னு டிராவாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம மறு ஆட்டம். அதுக்காவது வேம்புலிய எறக்குவாரா?" என்றான் ஜேம்ஸ்.

"எங்க எறக்குவாரு? பூந்தமல்லி மேனேஜர் வீரராகவனப் பாரு... மழைல குடைகூட புடிக்காம நின்னு கத்துறாரு. நம்மாளு வாயே தொறக்கறதில்ல. ஊதினா பறக்கற ஆளு!"

கஜபதி ஓட்டை ஊதினான். அது பறந்து துலுக்கானத்தின் சட்டைப் பையில் விழுந்தது. பெட்டியே சிரித்தது.

ஆவடி வந்தது. வண்டி நின்றும், 'வேம்புலிய ஏன் எறக்கல?' என்று கத்திக்கொண்டிருந்தான் கஜபதி. விசில் ஊதி வண்டி நகரும்போது ஒரு குடை உள்ளே பாய்ந்தது. குடைக்குப் பின்னால் ஒரு பெண். லேடீஸ் பெட்டி வரை ஓட நேரமில்லை, பாவம். அவள் மூச்சு வாங்கித் திரும்ப... ஈரக்குடையின் முனை செய்தித்தாளில் ஒரு வீச்சு வீச... குவார்ட்டர்ஸ் லெவன் மொத்தமும் தரையில்!

"இன்னாம்மா இது! ஒரே ஆட்டுல பதினோரு பேரையும் கவுத்துட்டி..."

நிமிர்ந்தான். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுபோனது.

மழை நனைத்த முகம். நெற்றியில் ஒட்டிய முடி. கன்னத்தில் எஞ்சின் கரி ஒரு பொட்டு. கண்கள் மட்டும்... ஈரத்துக்குச் சம்பந்தமில்லாமல் அப்படியொரு சுடர். கஜபதியின் வாய் பட்டாபிராம் சரித்திரத்தில் முதல்முறையாக, அடுத்த ஸ்டேஷனான அண்ணனூருக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது.

"...ட்டீங்களே" என்று முடித்தான், ரொம்ப மெதுவாக.

"மன்னிச்சுக்குங்க" என்று குனிந்து கடலைகளைப் பொறுக்கினாள். பொறுக்கிய பிறகு சும்மா கொடுத்திருக்கலாம் அல்லவா? கொடுக்கவில்லை. தாளில் ஒவ்வொன்றாக வைத்தாள். கோல்கீப்பர், தடுக்கிற பேக் இரண்டு, நடுவில் ஹாஃப் மூன்று... எல்லாம் அதனதன் இடத்தில். ஜேம்ஸின் கண் விரிந்தது.

"குவார்ட்டர்ஸ் டீம்தானே? வேம்புலிய ஏன் எறக்கலைன்னு கத்தினது பிளாட்பாரம் வரைக்கும் கேட்டுச்சு." அவள் இரண்டு சிவப்புக் கடலைகளை நடுக்கோட்டுப் பக்கம் நகர்த்தினாள். "பூந்தமல்லி பேக் ரெண்டு பேரும் இப்படி முன்னால ஏறி நிப்பாங்க. வேம்புலி அவங்களத் தாண்டி நேரா ஓடற ஆளு. போன மாச லீக் மேட்ச்ல ஏழு தடவ ஆஃப்சைடு. அவருக்குப் பதிலா எறங்கின உலகநாதன் மெதுவா வருவாரு, பின்னாடியே நிப்பாரு. நேத்து கோல் போட்டது யாரு?"



"உலகநாதன்" என்று துலுக்கானம் முனகினான்.

"அப்ப மேனேஜரு செஞ்சது தப்பா?"

"நீங்க... ஆட்டம் பாப்பீங்களா?" என்றான் கஜபதி.

"எங்க மொட்டைமாடிலேர்ந்து பாத்தா ரெண்டு கோல் போஸ்டும் தெரியும்."

அம்பத்தூர் வந்தது. கஜபதி இறங்கினான். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டான் என்பது வண்டி போன பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு லேத்தில் இரண்டு ராடு வீண்.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. ஆவடியில் லேடீஸ் பெட்டியும் காலியாகவே இருந்தது. இருந்தாலும் மூன்றாவது பெட்டிக்குத்தான் வந்தாள் அந்தப் பெண். பாரிமுனை இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட், பெயர் வனஜா என்பது வரை ஜேம்ஸ் விசாரித்துவிட்டான். அப்பா யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கஜபதி பேசினான்... பேசினான்... அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இடையிடையே ஒரு சிரிப்பு. தன் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று இவன் முடிவு கட்டினான். ஆண்பிள்ளைகளின் கணக்கு இப்படித்தானே போகும்!

அந்தத் தைரியத்தில்தான் புதன்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தான்.

சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து நீட்டினான். "ரசிகர் சங்கத்து மனு. சனிக்கிழம சாயந்திரம் விளையாட்டுக் கமிட்டி கூடுது. இத்தக் குடுத்தா மேனேஜர மாத்தியே ஆவணும். நானே எழுதினது. நீங்க ஆட்டம் தெரிஞ்சவங்க... ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா அறுபத்தி மூணு ஆயிடும்."

வனஜா வாங்கிப் படித்தாள். "மேற்படி மேனேஜர் பந்து என்னும் பொருளை நேரில் கண்டிருப்பாரா என்று ஐயுறுகிறோம்" என்கிற இடத்தில் சற்று நின்றாள்.

"நல்லா கீதா?" என்றான் ஆசையோடு.

"தமிழ் நல்லாருக்கு. பேனா இருக்குதா?"

கொடுத்தான். நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை ஊதினாள். மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வண்டி அம்பத்தூரில் நின்றது. வானத்தில் மிதந்தபடி இறங்கினான். பிளாட்பாரத்தில் நின்று, அந்தக் கையெழுத்தையாவது தடவிப் பார்ப்போம் என்று பிரித்தான்.

வனஜா, த/பெ தேவராஜ், மேனேஜர், குவார்ட்டர்ஸ் லெவன்.

நகர்ந்துகொண்டிருந்த வண்டியை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னலில் அவள் இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வியாழக்கிழமை மூன்றாவது பெட்டிக்கு அவள் வரவில்லை. லேடீஸ் பெட்டியில் ஏறும் முந்தானை மட்டும் தெரிந்தது. கஜபதி கடலை பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. 'அவ அப்பாவையே அவ எதிருல திட்டித் தீத்தேனே... அதையும் கேட்டுகினு சிரிச்சாளே... எப்பிடி சிரிச்சா?' என்று மனசு குடைந்தது. சாயந்திரம் வேலை விட்டதும் ஆவடியில் இறங்கினான். மைதானத்துக்கு எதிரே இருந்த குவார்ட்டர்ஸில் கேட்டுக் கேட்டு, ஒரு கதவைத் தட்டினான்.

வனஜாவே திறந்தாள். ஒரு நிமிஷம் முகத்தில் என்னவோ ஓடியது. அடக்கிக்கொண்டாள்.

"வாங்க. கையெழுத்து சரியா இருந்துதா?"

"மன்னிப்பு கேக்க வந்தேங்க... ஒங்கப்பாகிட்ட..."

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஒங்க மேல மனு எழுதினவருப்பா."

அவள் பின்னாலேயே உள்ளே போய், பின்கட்டில் பார்த்த காட்சியில் கஜபதிக்கு மன்னிப்பு மறந்துபோனது. ஸ்டூலில் வேம்புலி உட்கார்ந்திருந்தான். வலது கால் வெந்நீர் அண்டாவின் விளிம்பில். பெருவிரல் நகமே இல்லை, கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தேவராஜ் கீழே உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருந்தார்.

"அரையிறுதிக்கு ரெண்டு நாள் முன்ன ஒர்க்‌ஷாப்புல இரும்பு பிளேட்டு வுழுந்துச்சு அண்ணாத்தே" என்றான் வேம்புலி. "வெளில சொல்லாதீங்க. விசயம் பூந்தமல்லிக்குப் போச்சுன்னா ஞாயித்துக்கெழம மொத மிதி இந்த வெரலுக்குத்தான்."

கஜபதிக்கு விளங்கியது. ஊரெல்லாம் திட்டியும் இந்த மனிதர் வாயைத் திறக்காததற்குக் காரணம், இந்தக் கால்.

"அப்ப அந்த ஆஃப்சைடு கத?" என்று வனஜாவைப் பார்த்தான்.

"அதுவும் நெசந்தான். ஏழு தடவ. ஆனா நீங்க அப்பாவத் திட்டினதைக் கேட்டுகிட்டு வேற என்ன சொல்லட்டும்? எட்டு பத்து வண்டில நீங்க பேசறது சாயந்திரம் பூந்தமல்லி டீக்கடைல கேக்குதாமே!"

தேவராஜ் நிமிர்ந்து பார்த்தார். "மனுவப் பத்தி வனஜா சொல்லிச்சு. பந்த நேர்ல கண்டிருப்பாரான்னு கேட்டிருந்தீங்களாமே... நல்லாத்தான் இருக்கு தம்பி. ஞாயித்துக்கெழம வரைக்கும் இந்தக் காலப் பத்தி வாயத் தொறக்காம இருக்க முடியுமா?"

"முடியாதுப்பா" என்றாள் வனஜா, அவன் பதில் சொல்வதற்கு முன்பே. "இவரால அண்ணனூர் வரைக்கும்கூட முடியாது."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. "முடிஞ்சிதுன்னா?"

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "முடிஞ்சா... பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை எப்படியோ கழிந்தது, தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டினான். சனிக்கிழமை அது செல்லவில்லை. சாயந்திரம் கமிட்டி.

"மனு எங்க?" என்றான் ஜேம்ஸ்.

"தரப்போறதில்ல."

"இன்னாது? ஏன்?"

"சொல்லமாட்டேன்."

ஆவடியில் வண்டி நின்றது. வனஜா மூன்றாவது பெட்டியில்தான் ஏறினாள். வாசலோரம், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அதற்குள் ஜேம்ஸுக்கு அவள் யார் பெண் என்று தெரிந்திருந்தது. போதாதா?

"ஓ... அதான் சங்கதியா! மாமனாருக்கு எதிரா மனு குடுக்க முடியுமா?"

"நைனா, வேம்புலிய ஒதுக்கினது ஏன்னு இப்ப புரியுது" என்று துலுக்கானம் ஏற்றிவிட்டான். "மேனேஜருக்கு பூந்தமல்லில சொந்தக்காரங்க கீறாங்களாம். வேணும்னே தோக்கப் பாக்கறாரு!"

கஜபதி விருட்டென்று எழுந்தான். முகம் சிவந்தது. வாய் திறந்தது. வாசல் கம்பியில் வனஜாவின் விரல்கள் இறுகுவதைப் பார்த்தான்...

குனிந்தான். துலுக்கானத்தின் மடியில் விரித்திருந்த தாளிலிருந்து குவார்ட்டர்ஸ் கடலைகளை ஒரு கை அள்ளினான். அள்ளியதை ஓட்டோடு வாயில் போட்டு மென்றான். கோல்கீப்பர் முதல் சென்டர் ஃபார்வர்ட் வரை, பதினோரு பேரும் உள்ளே. கண்ணில் நீர் வந்தது. அம்பத்தூர் வரை மென்றுகொண்டே இருந்தான்.

"இனிமே நீ செயலாளர் இல்ல!" என்று ஜேம்ஸ் பின்னாலிருந்து கத்தினான். தலையாட்டிவிட்டு இறங்கினான். ஆறு வருஷப் பதவி. கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட வேண்டும் என்று வைத்திருந்த பதவி!

ஞாயிற்றுக்கிழமை மழைச் சேற்றில் மறு ஆட்டம். கடைசி இருபது நிமிஷத்தில் தேவராஜ் வேம்புலியை இறக்கினார். வலது காலுக்கு அணை கட்டி நின்றார்கள் பூந்தமல்லிக்காரர்கள், அதுதானே பீரங்கி! அவன் இடது காலால் ஒரு தட்டு தட்டினான். பந்து சோம்பேறியைப்போல உருண்டு உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

விசில் ஊதியதும் வேம்புலி நடு மைதானத்தில் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றினான். ரத்தக் கட்டு. கூட்டம் கப்சிப். ஜேம்ஸ் மெல்லத் திரும்பினான்.

"ஒனக்குத் தெரியுமா?"

கஜபதி எதிர்வரிசை மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு குடை இருந்தது. கீழே மைதானத்தில், தேவராஜை வாரம் முழுக்கத் திட்டிய அதே கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. சனங்களின் தோளுக்கு வெட்கம் ஏது!

திங்கட்கிழமை. துலுக்கானம் தன் துண்டால், மறுபடி செயலாளராகிவிட்ட கஜபதிக்கு ஸீட்டைத் துடைத்துவிட்டான். ஆவடியில் வனஜா ஏறினாள், எதிரே உட்கார்ந்தாள். ஜேம்ஸும் துலுக்கானமும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தண்டவாளத்தோரத்துப் பனைமரங்களை அதுவரை பார்த்ததே இல்லைபோலப் பார்த்தார்கள். காது மட்டும் உள்ளேதான் இருந்தது.

"இன்னும் வாயத் தொறக்கலையா?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும்னு ஒங்கப்பா சொன்னாரு..."

"இன்னிக்கு திங்கள்."

கஜபதி இரண்டு தரம் தொண்டையைச் செருமினான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினான். விரல் அகலம். ஒரே ஒரு கையெழுத்து.

"மனுவக் கிழிச்சுட்டேங்க. அறுபத்திரெண்டு பேரையும் கிழிச்சுட்டேன். இந்த ஒண்ண மட்டும்... கிழிக்க கை வரல. ஏன்னு கேக்காதீங்க... கேட்டா சொல்லிடுவேன்."

வெளியே திடீரென்று தூறல். ஒரு துளி உள்ளே தெறித்து அவள் இமையில் உட்கார்ந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்?" என்று கேட்டாள்.

"ஒங்கள எனக்கு... ரொம்பப் புடிச்சிருக்குங்க."

ஜன்னல் பக்கம் யாரோ மூச்சை விட்டார்கள்.

"பேனா இருக்குதா?" என்றாள் வனஜா.

எடுத்துக் கொடுத்தான். அந்தத் துண்டுச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டாள். 'த/பெ தேவராஜ்' என்பதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, குட்டியாக, 'க/பெ' என்று எழுதினாள். பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். காது மடல்வரை சிவந்திருந்தது.

"மிச்சத்த வீட்டுக்கு வந்து, அப்பா எதிருல எழுதுங்க. அவருக்கு ஒங்க தமிழ் புடிக்குமாம்..."

வண்டி அம்பத்தூரில் நின்றது, கிளம்பியது. அன்றைக்கு கஜபதி இறங்கவே இல்லை.