கொத்துப்பட்ட விளிம்பு

படகு எங்கள் பட்டறைக்கு லாரியில் வந்து இறங்கியது.

எண்பத்துமூன்றாம் வருடத்துக் கோடை அது. சோழவந்தான் சாலையில், கண்மாய்க்கரையை ஒட்டி, என் கணவர் லூர்துராஜும் அவருடைய கூட்டாளி மலையாண்டியும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். மழை பொய்த்துக் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பாய்மரப் படகை இறக்கி, முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியபோது, சாலையில் போன பேருந்துகூட வேகம் குறைத்து நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏறி உக்காந்தா எதுவரைக்கும் போகும் மாப்ள? வாடிப்பட்டி வரைக்குமா?" என்றார் மலையாண்டி.

"சிரிங்க மச்சான், நல்லாச் சிரிங்க. ஆடி பொறக்கட்டும். இது கடல்ல நிக்கும், நீங்க கரையில நிப்பீக."

லூர்து கடலோரத்தில் பிறந்தவர். சிறுவயதில் அப்பா போனபின் அம்மாவோடு மதுரைக்கு வந்து, லாரிப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்தவர். சொந்தமாக ஒரு படகு, அது நிற்கும் கரையில் ஒரு வீடு, அதில் நாங்கள் இருவர். அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை. நானும் மிஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டு அவரோடு போகத் தயாராக இருந்தேன்.

பழைய படகு. வெயிலில் பலகைகள் சுருங்கி, இடுக்குகளில் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பாய்மரம் விரிசல் விட்டிருந்தது. ஆனால் அடிமரம் நல்ல வைரம் பாய்ந்த மரம் என்று தட்டித் தட்டிக் காட்டினார். நான் படகைச் சுற்றி நடந்தபடி மேல்விளிம்பில் கையை ஓட்டிக்கொண்டே போனேன். இடது பக்கத்தில் கை தடுக்கியது.

விளிம்புப் பலகையில் வரிசையாகக் கொத்துகள். ஒன்றையொன்று நெருங்கி, ஆழமாக விழுந்தவை.

"மீன் வெட்டியிருப்பாக தங்கச்சி," என்றார் மலையாண்டி.

மீனை யாராவது, துண்டு கடலில் விழும்படி விளிம்பில் வைத்து வெட்டுவார்களா என்று அப்போது நான் கேட்கவில்லை.

எங்கள் பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து படகை மந்திரித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். மலையாண்டிக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. கைமாறி வரும் எந்தப் பழைய லாரிக்கும் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்குமுன் முன்பக்கத்தில் வைத்து ஒரு சேவலை அறுத்து, ரத்தத்தைச் சக்கரங்களில் தடவுவார்கள்.

"பழைய வண்டின்னா எவன் மேலயாச்சும் ஏறியிருக்கும். ருசி கண்டிருக்கும். இந்தா, இம்புட்டுத்தான், இதோட முடிச்சுக்கன்னு குடுத்துரணும்," என்பார்.

படகுக்குச் சக்கரம் ஏது? எங்கே வைத்து அறுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெட்டுக்கட்டை மாதிரி வாகாக இருந்தது அந்தக் கொத்துப்பட்ட விளிம்புதான். அவருடைய அக்கா மகன் சோணை படகுக்குள் நின்று அரிவாளை வைத்துக்கொண்டான். மலையாண்டி வெளியே நின்று சேவலின் கழுத்தை விளிம்பில் நீட்டிப் பிடித்தார்.

தலை வெளியே விழுந்தது. உடல் விழவில்லை. தலையில்லாத சேவல் இரண்டு கால்களாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றது. சோணை பிடித்து இழுத்தும் விடவில்லை. கடைசியில் கால்களையும் வெட்டித்தான் எடுத்தார்கள்.

ரத்தம் வழியவில்லை. கொத்துகளுக்குள் இறங்கிக் காணாமல் போனது.

மறுநாள் காலையில் படகுக்குள் தண்ணீர் நின்றது.

வெளிச்சம் புகும் இடுக்குகள் உள்ள படகு. ஒரு குடம் ஊற்றினால் ஒழுகிப் போய்விடும். ஆனால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. லூர்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"உப்பு."

மொண்டு ஊற்றினார்கள். வெடித்த தரை அதை உறிஞ்சியது. மத்தியானத்துக்குள் மறுபடி ஊறியிருந்தது. அழுகிய மீனும் துருவும் கலந்த வாடை பட்டறை முழுக்க அடித்தது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரங்களில் படகின் வெளிப்புறத்தில் சத்தம் கேட்கும். உள்ளங்கையால் பலகையை அறைகிற சத்தம். ஒரு கை இல்லை, பல கைகள். சுற்றிப் போய்ப் பார்த்தால் காய்ந்த மண்ணும் முட்டுக்கட்டையும்தான் இருக்கும்.

"காத்தடிச்சுப் பலகை விரியுது," என்றார் லூர்து. இலைகூட அசையாத வெயில் அது.

வெள்ளிக்கிழமை சோணை உள்ளே உட்கார்ந்து, பலகை இடுக்கில் பருத்தி நூலைத் திணித்து மரக் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தான். அதன்மேல் பூசக் குங்கிலியப் பிசின் காய்ச்சிய சட்டியைக் கொடுக்க மலையாண்டி வெளியிலிருந்து எட்டினார். இடது கையால் விளிம்பைப் பிடித்திருந்தார்.

சோணை தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தான்.

பிறகு கொட்டாப்புளியை இரண்டு கையாலும் ஓங்கி அதன்மேல் இறக்கினான். மறுபடி ஓங்கினான். லூர்து பாய்ந்து அவனைக் கீழே தள்ளுவதற்குள் மலையாண்டியின் கை மாவுபோல் ஆகியிருந்தது.

தரையில் விழுந்ததும் சோணை விழித்துக்கொண்டவன்போல் சுற்றிலும் பார்த்தான். மாமனின் கையைப் பார்த்து அலறினான்.

"ஒங்க கையில்ல மாமா! சத்தியமா ஒங்க கையில்ல! ஊறிப்போன கை... தண்ணிக்குள்ளருந்து ஏறுது மாமா. ஏத்துனா நாமளும் முங்கிருவோம்."

அப்போதுதான் அந்தக் கொத்துகள் எப்படி விழுந்தன என்று எங்களுக்குப் புரிந்தது. எந்தக் கடலில், யாரை, யார் என்று தெரியாது. தண்ணீரில் கிடந்தவர்கள் ஏறப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏற்றவில்லை.

மலையாண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே சொன்னார். "கொளுத்திப்புடு மாப்ள."

"படகு என்ன மச்சான் செஞ்சிச்சு? அந்த ஒரு பலகைதான். அதைக் கழட்டி எறிஞ்சிர்றேன்."

அன்று வீட்டில் நான் அவர் காலைப் பிடிக்காத குறை. "ஞாயித்துக்கிழமை சாமியார் வரட்டுங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கமே போக வேணாம்."

"அவர் வந்து தீர்த்தம் தெளிக்கையில அது அங்க இருக்கக் கூடாது ஜோசு. ஒரு மணி நேர வேலை. நீ மத்தியானம் சோறு கொண்டாறப்ப, கழட்டின பலகைய ஒன் கையில தாரேன். அடுப்புல வையி."

சனிக்கிழமை மத்தியானம் தூக்குவாளியோடு போனேன். சோணை ஊருக்கு ஓடிப்போயிருந்தான். பட்டறையில் வேறு யாரும் இல்லை. வெயிலில் தகரக் கூரை நெரிபட்டு முனகிக்கொண்டிருந்தது.

படகு ஆடிக்கொண்டிருந்தது.

முட்டுக்கட்டைகளின்மேல், வெடித்த மண்ணின்மேல், அலை தூக்கி இறக்குவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

லூர்து உள்ளே காலை அகட்டி நின்றார். தலையிலிருந்து நீர் சொட்டியது. கையில் மரம் செதுக்கும் வாச்சி. விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடமில்ல," என்று கிசுகிசுத்தார். "எல்லாரும் ஏறுனா கவுந்துரும். கைய எடு."

"ஏங்க... நான் ஜோசுங்க."

"கைய எடுங்கிறேன்."

நான் இன்னும் படகைத் தொடவே இல்லை.

அப்போது விளிம்பில் ஈரத்தடம் ஒன்று பதிந்தது. உள்ளங்கை, ஐந்து விரல்கள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. படகு என் பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவர் தடுமாறினார். விழப் போகிறார் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி, ஏறுவதற்காக வலது கையால் விளிம்பைப் பிடித்தேன்.

மரம் சில்லென்று இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கண்ணில் இல்லை.

வாச்சி இறங்கியது.

முதலில் வலி வரவில்லை. கரும்பை முறிக்கும் சத்தம்தான் வந்தது. என் கை விளிம்பிலிருந்து நழுவியபோது மூன்று விரல்கள் அதனோடு வரவில்லை. என் ரத்தம் அவர் முகத்தில் தெறித்தது. அதில்தான் அவர் விழித்திருக்க வேண்டும்.

"ஜோசு? ஐயோ... நீயா?"

வாச்சியை வீசி எறிந்துவிட்டு என்னைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டிக் குனிந்தார். நீட்டிய கைகள் என்னை எட்டவில்லை. நடுவில் எதுவோ அவற்றைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் மணிக்கட்டுச் சதை விரல் விரலாக உள்ளே அமுங்குவதைப் பார்த்தேன். ஒரே இழுப்பு. தலைகுப்புற விளிம்பைத் தாண்டி வந்து மண்ணில் விழுந்தார்.

இடுப்பளவு உயரம்தான். குழந்தை விழுந்தால்கூட எழுந்துகொள்ளும்.

அவர் எழவில்லை. காய்ந்த தரையில் ஆழத் தண்ணீரில் முங்குகிறவர்போல் கைகளை அடித்தார். கால்களை உதைத்தார். வாயைத் திறந்து திறந்து மூச்சுத் தேடினார். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் கொப்பளித்தது. நான் மிச்சமிருந்த கையால் அவர் சட்டையைப் பற்றி என் பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். கிணற்றில் விழுந்த மாட்டை இழுப்பதுபோல் கனத்தது. மறுபுறம் இழுப்பவர்கள் பலர்.

சட்டை கிழிந்து என் கையோடு வந்தது.

"எந்தக் கெணத்துல விழுந்தாரும்மா?" என்று கேட்டார் பெரியாஸ்பத்திரி டாக்டர். நுரையீரல் நிறையத் தண்ணீராம். என் விரல்கள் ரம்பத்தில் மாட்டிக்கொண்டன என்று போலீசிடம் சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அவர்மேல் பழி விழுந்திருக்கும்.

மலையாண்டி கட்டுப்போட்ட கையோடு வந்து, படகைக் கண்மாய்க்கு நடுவே இழுத்துப்போய் டீசல் ஊற்றிக் கொளுத்தினார். எலும்பு வெந்த வாடை அடித்ததாம். சாம்பலைக்கூட விட்டு வைக்காமல் குழிதோண்டி மூடினார். என் விரல்களைக் கண்ணியமாகப் புதைக்க வேண்டும் என்று பட்டறை மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் தங்கச்சி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இதை இடது கையால் எழுதுகிறேன். பழகிவிட்டது. வெட்டுப்பட்ட விரல் சில நேரம் இருப்பதுபோல் தோன்றும், அரிக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் விரல்கள் அரிப்பதில்லை. நனைந்திருக்கின்றன.

வெயில் உச்சிக்கு வரும்போதெல்லாம் அவை ஒரு மரவிளிம்பைப் பற்றியிருப்பதை உணர்கிறேன். அது ஏறுகிறது, இறங்குகிறது. உப்பு எரிகிறது. முதலில் பயந்து கத்துவேன். பிறகு கத்துவதை விட்டேன். அந்த விரல்களால் தேடத் தொடங்கினேன். விளிம்போடு நகர்ந்து நகர்ந்து, ஊறிய கைகள் பலவற்றைத் தாண்டி, போன வாரம் ஒரு கையைத் தொட்டேன். கட்டைவிரலில் நகம் இல்லாத கை. எங்கள் கல்யாணக் கட்டிலுக்கு ஆணி அறைந்தபோது சுத்தியல் நசுக்கிய நகம் அது. பிறகு முளைக்கவே இல்லை.

இறுகப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லி அவர் விரல்கள் என் விரல்களைத் தள்ளவும் செய்கின்றன. நான் விடவில்லை.

இன்று மத்தியானம் விளிம்பு எங்கள் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. படகுக்குள் யாரோ எழுந்து நிற்கிறார்கள்.