ஒற்றைக்கண் தொட்டி

கணினிப் பெட்டியின் விசிறியிலிருந்து வந்த சூடான காற்றில் அழுகின இறால் வாடை அடித்தது. வாடை தொட்டிகளிலிருந்து வந்திருந்தால் ஷாரோன் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற அந்த இறால் குஞ்சுப் பண்ணையில் சேர்ந்து ஒரு மாதத்தில் மூக்கே மரத்துப் போயிருந்தது. இது பெட்டிக்குள்ளிருந்து வந்தது. திறந்து பார்த்தாள். தூசிகூட இல்லை.

வெளியே மூன்று மணி வெயில். அவள் இருந்த தாய் இறால் அறையில் மட்டும் பகலிலும் அரையிருட்டு; வெளிச்சம் பட்டால் அவை மிரளும். சீக்கிரம் முட்டையிடட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணை நறுக்கிவிடுவது அங்கே வழக்கம். அன்று காலை நாற்பது. நறுக்கின கண்கள் மேசையோரம் பிளாஸ்டிக் கப்பில், ஊறிப்போன மிளகு மாதிரி கொழகொழவென்று கிடந்தன. பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இடது கண் அரித்தது. மை கலைந்துவிடுமே என்று கசக்காமல் இருந்தாள்.

தொட்டிக்குமேல் ஒரு கேமரா. தண்ணீருக்குள் தெரிகிற கண்களை எண்ணுவது அதன் வேலை. ஐந்து மணிக்குச் சோதனைக்கு ஆள் வருகிறது, அதற்குள் எண்ணிக்கை திரையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்று மேலாளர் கலைவாணன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அலைந்து திரிந்து கிடைத்த முதல் வேலை அவளுக்கு.

கணினியிலிருந்த லினக்ஸோ, படத்தைத் தெளிவாகக் காட்டுகிற கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை ஏற்கவே மாட்டேன் என்றது. டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை உள்ளே விடாத செக்யூர் பூட் பூட்டை யாரோ போட்டு வைத்திருந்தார்கள். திரையில் படம் கலங்கின கஞ்சி மாதிரி. பூட்டைக் கழற்றப் பாஸ்வேர்டு வேண்டும். அவளுக்குமுன் இங்கே வேலை பார்த்த ஜெபசிங்குக்குப் போன் போட்டாள். கண் ஆபரேஷன் என்று ஊரப்பாக்கம் போனவர் திரும்பவேயில்லை.

"அண்ணா, செக்யூர் பூட்ட யாரு போட்டது?"

"நாந்தான். வேணும்னுதான் போட்டேன். அத்த எண்ண வுடாதம்மா."

இன்னாத்துக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். தான் விட்ட வேலையில் இன்னொருத்தி பேர் வாங்குவது பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பூட்டைக் கழற்ற முடியாவிட்டால் என்ன, டிரைவருக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாமே. புதுச் சாவி ஒன்றை உருவாக்கி, டிரைவரில் கையெழுத்திட்டு, கணினியை அணைத்துப் போட்டாள். நீலத்திரை வந்தது. இந்தச் சாவியை நம்பிச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். விரலில் ஏதோ ஒட்டியது. விசையின்மேல் சளி மாதிரி ஒரு படலம். துப்பட்டாவில் துடைத்தாள். நூல் நூலாக இழுத்தது.

விசிறி வேகமெடுத்தது. வாடை தொண்டைக்குள் இறங்கியது. படம் தெளிந்தது.

பச்சைத் தண்ணீர். வளைந்த முதுகுகள். கண்ணுக்கொரு சிவப்புக் கட்டம். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று.

கடைசிக் கட்டம் தொட்டியின் அடியில். மற்றவற்றைவிடப் பெரிது. வெள்ளை விழி. பழுப்புக் கருவிழி. அது மூடித் திறந்தது.

இறாலுக்கு இமை கிடையாது.

போன் அடித்தது. ஜெபசிங்.

"எண்ணிடுச்சா? எவ்ளோ காட்டுது?"

"நாப்பத்தொண்ணு."



"அந்த ஒண்ணு என்னுது. ஏம்மா, உனுக்குக் கண்ணு அரிக்குதா?"

அரிக்கவில்லை. அரிப்பு நின்றிருந்தது. இடது கன்னத்தில் வெதுவெதுவென்று ஏதோ இறங்கியது. அந்தப் பக்கத்துச் சுவர் தெரியவில்லை. கதவு தெரியவில்லை. திரையில் பாதிதான் தெரிந்தது.

தெரிந்த பாதியில், தொட்டியின் அடியில், இன்னொரு கட்டம் மெல்ல விழுந்தது. அதற்குள் ஒரு கண். காலையில் அவள் தீட்டிய மை இன்னும் கலையாமல்.