பத்து பிட் இருட்டு

கறுப்பு கறுப்பாக இல்லை.

திரையின் இடது மூலையில், சீர்த்தட்டு தூக்கி வரும் பெண்களுக்குப் பின்னால், டியூப் லைட் வெளிச்சம் எட்டாத இடத்தில் வெறும் இருட்டுதான் இருக்க வேண்டும். அந்த இருட்டை நம்பித்தான் ரகுநாத் இத்தனை நாளும் சோறு தின்றுகொண்டிருந்தான். இப்போது அதற்குள் ஏதோ ஒன்று, இருட்டைவிட ஒரு துளி வெளுத்தது, அசைந்த மாதிரி இருந்தது.

இலுப்பூர் கடைத்தெருவில் மத்தியான வெயில் கொளுத்தியது. அவனுடைய வீடியோ ஸ்டுடியோவின் உள்ளறைக்கு அந்த வெயில் தெரியாது. நிறம் பிசகாமல் பார்ப்பதற்காகச் சன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தான். கம்ப்யூட்டரின் மின்விசிறி கரகரத்தது, சூடான ஒயரின் வாசமும் பழைய ஆல்பங்களின் பசை வாசமும் கலந்து வந்தன, அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ பாசி பிடித்த தண்ணீரின் வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் அறந்தாங்கியிலிருந்து செம்மல் போன் செய்திருந்தான். ரகுநாத்தின் மனைவி சுகுணாவுக்குத் தம்பி. துபாயிலிருந்து இன்னோர் அக்கா மகனின் காதுகுத்துக்கு வந்தவன், சுகுணாவின் கருமாதியையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அந்தச் சீர் வீடியோவ அனுப்பி விடுங்க. சுகுணாக்கா தட்டு தூக்கிட்டு வந்தத ஒருக்கா பாக்கணுங்குது அம்மா."

"எடிட் பண்ணல மாப்ள."

"எடிட்டெல்லாம் வேணாம். அப்படியே அனுப்புங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நார்த்தாமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்தன்று சாயங்காலம் சீர் இறங்கியபோது, வீட்டு மாப்பிள்ளையான ரகுநாத்தான் வீடியோ எடுத்தான். கோயில் கிணற்றில் சுகுணா மிதந்த பிறகு போலீஸ் கேட்டதற்கு, "கேமராவ விட்டு நான் நகரவே இல்லைங்க" என்றான். ஊரே ஆமாம் என்றது. ஸ்டாண்டில் கேமரா நின்று, சிவப்பு விளக்கும் எரிந்தால், அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்றே சனங்கள் நினைத்துக்கொள்வார்கள். படப்பிடிப்புக்காரனுக்கு மட்டும் தெரிந்த சௌகரியம் அது. அவன் டீ குடிக்கப் போவதும் அப்படித்தான், சுகுணாவின் பின்னால் போனதும் அப்படித்தான்.

தட்டை இறக்கிவைத்துவிட்டு அவள் அவன் காதோரம் வந்து சொன்னாள். "தம்பி வந்திருக்கான். நீ அடிச்ச அடியெல்லாம் இன்னைக்கு அவங்கிட்ட காட்டப்போறேன்." சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனாள். அதுதான் அவள் செய்த ஒரே குற்றம்.

கொட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவசரத்தில் கேமரா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான்.

அனுப்புவதற்கு முன் எவன் எதில் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிளேயரின் அமைப்புகளைத் திறந்தான். படத்தைத் திரையில் வரைந்து காட்டும் ரெண்டரர் எது என்று கேட்கும் பட்டியல் விரிந்தது. பழைய ரெண்டரரை வைத்தான், நிற ஆழம் எட்டு பிட். மூலை தார் பூசியதைப்போல இருந்தது. நிம்மதி. சாதாரண டி.வி.யில் இப்படித்தான் தெரியும்.

ஆனால் அவன் கேமரா பத்து பிட்டில் பதிவு செய்வது. எட்டு பிட் ஒரே கறுப்பாக அப்பிவிடும் இடத்தில் பத்து பிட் நாலு மடங்கு சாயலைப் பிரித்துக் காட்டும். கல்யாண வீட்டுக்காரர்களிடம் "இருட்டுல நின்னாலும் ஒங்க மொகம் தெரியும்" என்று அவனே பீற்றிக்கொள்வான். செம்மலிடம் புது டி.வி. இருந்தது.

புது ரெண்டரரைத் தேர்ந்தெடுத்தான். பத்து பிட். ஓடவிட்டான்.

இருட்டு விலகியது. கிணற்றுச் சுவர் வந்தது. அதில் குனிந்திருந்த சுகுணாவின் முதுகு வந்தது. பின்னாலேயே அவனுடைய வெள்ளைச் சட்டை வந்தது. இரண்டு கைகள் நீண்டன. முதுகு இல்லாமல் போனது. வெள்ளைச் சட்டை கேமராவை நோக்கி ஓடிவந்து, சட்டகத்தை விட்டு வெளியேறியது.

அத்தனையும் இருக்கிறதே!

படம் நிற்காமல் ஓடியது. பெண்கள் குலவையிட்டார்கள். குழந்தை வீறிட்டது. அப்போது கிணற்றுச் சுவர்மேல் ஒரு கை வந்து பற்றியது.

அது நடக்கவில்லை. அவளை மறுநாள் காலையில்தான் கயிறு கட்டித் தூக்கினார்கள். அவனும் கயிறு பிடித்தான்.

இன்னொரு கை வந்தது.

படத்தை நிறுத்தினான். ரெண்டரரின் கோளாறுதான், சத்தியமாகக் கோளாறுதான் என்று வாய்விட்டுச் சொன்னான். எடிட்டிங் மென்பொருளில் கோப்பைத் திறந்து கறுப்பை ஒரேயடியாக அழுத்தினான். மூலையில் வெளிச்சத்தின் அளவு சுத்தமான சுழியம். இனிப் பத்து பிட்டும் தோண்ட முடியாது, பன்னிரண்டு பிட்டும் தோண்ட முடியாது. எட்டு பிட்டில் ஏற்றுமதி செய்தான், பட்டியலிலிருந்த மூன்று ரெண்டரரிலும் மாற்றி மாற்றிப் பார்த்தான். தார். தார். தார். செம்மலுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

பாசி வாடை இப்போது மூக்கை அடைத்தது. ஏசி ஓடவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

போன் அடித்தது. செம்மல்.

"பாத்தியா மாப்ள?" ரகுநாத் முந்திக்கொண்டான். "இருட்டா இருக்கும். லைட் பத்தல."

"இருட்டா?" செம்மலின் குரலில் அழுகை இல்லை, வேறு ஏதோ இருந்தது. "பட்டப்பகலாட்டம் இருக்கு. நீ தள்ளுறது தெரியுது. ஒன் மொகம் தெரியுது."

"மாப்ள, அது..."

"பேசாத. அம்மாவும் பாத்துருச்சு. வண்டி எடுத்துட்டோம், வந்துக்கிட்டுதான் இருக்கோம். ஆனா நாங்க வர்ற வரைக்கும் நீ இருக்க மாட்டன்னு நெனைக்கிறேன்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "அக்கா மேல ஏறி வந்துருச்சு. சொட்டச் சொட்ட நடந்து வருது. எல்லாரும் நிக்கிறாங்க, ஒருத்தரும் பாக்கல. நேரா கேமராகிட்ட வந்துச்சு."

"அப்புறம்?"

"நீ போன பக்கமே போயிருச்சு. கேமராவுக்குப் பின்னாடி. அதுக்கப்புறம் படத்துல அக்கா இல்ல."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கேமராவுக்குப் பின்னால். அன்று அவன் நின்ற இடம். அன்றிலிருந்து அவன் நின்ற இடமெல்லாம்.

ரகுநாத் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கம்ப்யூட்டரின் மின்விசிறி நின்றுவிட்டது. சொட்டு. தரையில். இன்னொரு சொட்டு. நாற்காலிக்குப் பின்னால். அடுத்தது அவன் தோளில் விழுந்தது, ஐஸைப்போல.

மவுஸ் மேலிருந்த அவன் கையின்மீது இன்னொரு கை வந்து படிந்தது. ஊறிப்போன, வெளுத்த கை. கிணற்றுச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி, விரல்களில் ஒரு நகம்கூட இல்லை. அது நிதானமாக அவன் விரலை அழுத்தி, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டது.