வெட்டி எடுத்த நாற்பது விநாடி

நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய அளவெடுப்பு இன்று மூன்றாவது தடவையாக நாற்பது விநாடி பிந்தியது.

யூ-சிங் கண்ணாடித் தடுப்புக்குள் பார்த்தாள். வளைந்த டர்பைன் தகட்டைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரக் கை, முனையில் சிவப்புக் கல்லோடு, ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் தயங்கி, வெறும் காற்றைத் தொட்டுத் தொட்டு, எதையோ சுற்றிக்கொண்டு போனது. வெளியே, இறந்தவர்கள் திரும்பி வரும் ஏழாம் மாதப் படையலுக்கு ஏற்றிய ஊதுபத்தி வாசனை, அடைத்துக் குளிரூட்டிய இந்த அறைக்குள்ளும் எப்படியோ வந்திருந்தது.

அந்த நாற்பது விநாடி அவளுக்குத் தெரியும். போன மாதம் அவளே வெட்டியது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கை பின்வாங்குவது வீண் என்று பாதையைச் சுருக்கினாள். அந்த இடைவெளியில் குனிந்து தகட்டைத் துடைப்பது அவள் தம்பி போ-யென்னின் வழக்கம். அவனிடம் சொல்ல மறந்துவிட்டாள். குனிந்தவன் நெற்றிப்பொட்டில் இயந்திரக் கை மோதியது; அங்கேயே உயிர் போனது. அன்றிலிருந்து அவள் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை.

மேற்பார்வையாளர் லின் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "படையல் போட்டாச்சு, வாம்மா. போ-யென்னுக்கு அன்னாசி கேக் வெச்சிருக்கோம். மெஷின் மேல இருக்கிற பொட்டலம் தேதி தாண்டிருச்சு பாரு. அதான் மக்கர் பண்ணுது. இந்தா, புதுசு."

"வெச்சுட்டு வர்றேண்ணே."

பச்சைப் பொட்டலத்தில் சோளப்பொரி. அது மேலே இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது தைவானில், இந்தத் தைச்சுங் நகரத்துப் பட்டறைகளின் நம்பிக்கை. மாற்றுவது போ-யென்தான். "அதுக்கும் பசிக்கும்ல, அக்கா" என்பான்.

காற்றில் தொட்ட புள்ளிகளை மட்டும் திரையில் சேர்த்தாள். ஒரு வளைவு. நெற்றி. மூக்கு. இடது புருவத்தில், தம்பி சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

பொட்டலத்தை மாற்றினால் இயந்திரம் சரியாகிவிடும். அவனும் போய்விடுவான். அவளுக்கு மனம் வரவில்லை. பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்பைத் திறந்து, அந்த வெற்றிடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

கன்னம். சில்லென்று. ஈரமாக.

"அக்காவை மன்னிச்சிருடா."

விரல்களை ஏதோ பற்றியது. சாலை கடக்கும்போது சின்ன வயதில் பற்றுவானே, அதே பிடி. உதறினாள். விடவில்லை. இழுத்தது. குனிந்தாள்.

டிக். டிக்.

இயந்திரக் கை இந்த முறை எதையும் சுற்றிப் போகவில்லை. நேராக வந்தது.

அவள் உதறுவதை நிறுத்தினாள்.

திரையில், தம்பியின் முகத்தை ஒட்டி, இன்னொரு நெற்றி. புள்ளி புள்ளியாக.