கோரைக்குள் இருந்த கூடு

"நாகராசுதான் எடுத்திருக்கணும் மேடம்" என்று சொல்லிக்கொண்டேதான் பிளெஸ்ஸி டீச்சர் உள்ளே வந்தாள். என்ன தொலைந்தது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

சொர்ணவல்லி காவல்துறையின் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டையில் எது காணாமல் போனாலும் இன்னமும் அவரைத்தான் தேடி வருகிறார்கள். அவருடைய கணவர் ரெங்கராஜ், பஸ் கண்டக்டராக இருந்தவர். விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அது ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை.

தொலைந்தது நான்கு முட்டைகள். ஆவூருக்குப் பக்கத்துக் கண்மாயில் மயிலுள்ளான் கூடு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் அபூர்வமாகவே கண்ணில் படும் நீர்ப்பறவை. அதைக் கண்டுபிடித்த பிளெஸ்ஸி, தன் பறவை பார்க்கும் குழுவுக்காக ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தாள். வேன் பேசி, காலை இட்லிக்குச் சொல்லி, யார் எங்கே ஏறுவது என்பதுவரை முடிவு செய்திருந்தாள்.

"கீரமங்கலத்துலேர்ந்து வயசானவங்க ரெண்டு பேர் வாரதா இருந்தாங்க. தண்ணியில எறங்கணுமோன்னு பயந்தாங்க. கரையில நின்னாலே கூடு தெரியும், செருப்புகூட நனையாதுன்னு நேத்து ராத்திரி குரூப்ல சொன்னேன். இன்னைக்குக் காலையில போய்ப் பாத்தா முட்டை இல்ல. நாகராசு அங்கிட்டிருந்து ஆட்டை ஓட்டிக்கிட்டு வாராரு. போட்டோ எடுத்து, இவருதான் எடுத்திருக்கணும்னு குரூப்ல போட்டேன்."

படம் குழுவோடு நிற்கவில்லை. மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நாகராசு இனிமேல் கண்மாயில் ஆட்டை இறக்கக் கூடாது என்று மாலை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள். அந்த ஆடுகளைத் தவிர அவர் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது.

சொர்ணவல்லி பறவையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அடர்ந்த கோரைக்கு நடுவில் மங்கலான நிறத்தில் ஒரு பறவை. முகத்தில் பாதியைக் கோரை மறைத்திருந்தது.

"இது அப்பா மேடம். முட்டை போட்டதும் அம்மா போயிரும். அடைகாக்குறது இதுதான்" என்றாள் பிளெஸ்ஸி.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"இடுப்பளவு தண்ணியில. அவ்வளவு கிட்டப் போனாத்தான் தெரிஞ்சுச்சு. அது போன வாரம்."

மூவரும் கண்மாய்க்குப் போனார்கள். கரையில் மீன் குத்தகைக்காரர் சார்லஸ் வலையை உதறிக்கொண்டிருந்தார். வேன் வேனாக ஆள் வந்தால் மீன் கலைந்துவிடும் என்று அவர் டீச்சரோடு சண்டை போட்டவர். "இந்த ஆளுதான் சொர்ணம், மொகத்துலயே எழுதியிருக்கு" என்று ரெங்கராஜ் காதில் கிசுகிசுத்தார். சொர்ணவல்லி சார்லஸைக் கூப்பிட்டு, நாகராசுவைப் போய் அழைத்துவரும்படி அனுப்பிவைத்தார்.

கரையிலிருந்து பார்த்தபோது வெறுங்கூடு தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. எழுந்து வயிற்றுக்கடியில் பார்த்தது, மறுபடியும் உட்கார்ந்தது. பிளெஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொர்ணவல்லி பனைமரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கினார். நாகராசு வந்ததும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோரை அறுக்குறது உண்டா?"

"உண்டுங்க. அடியோட அறுத்தாத்தான் கட்டாக் கட்ட முடியும்."

"சரி, எல்லாரும் இங்கிட்டு வாங்க." அவர் உள்ளங்கையை விரித்தார். புள்ளி போட்ட முட்டை ஓட்டுத் துண்டுகள். "மனுசன் எடுத்திருந்தா கொண்டுபோயிருப்பான். இதுல கொத்தின தடம் இருக்கு. தின்னது காக்கா."

"காக்காவா?" ரெங்கராஜின் முகம் தொங்கிப்போனது.

"காக்கா இந்தப் பனையில தினமும்தான் இருக்கு. நேத்து வரைக்கும் அது கண்ணுல முட்டை படாததுக்குக் காரணம் கோரை. அதை யாரோ வெட்டியிருக்காங்க. ஆடு கடிச்சா நுனி பிஞ்சு கெடக்கும். நாகராசு அறுத்தா அடியோட அறுப்பாரு. இது கத்தரிக்கோலால பாதி ஒயரத்துல வெட்டினது. அதுவும் கூட்டுலேர்ந்து நாம நிக்கிற எடம் வரைக்கும், ஒரு சந்து மாதிரி. இங்க யாரையோ நிக்கவெச்சுக் கூட்டைக் காட்டுறதுக்காக."

"ஆளே வரக் கூடாதுங்கிறவன் நான்" என்றார் சார்லஸ்.

"அதனாலதான் ஒங்களை விட்டுட்டேன்." சொர்ணவல்லி திரும்பினார். "போன வாரம் இடுப்புத் தண்ணியில எறங்குனாத்தான் தெரிஞ்ச கூடு. கரையிலேர்ந்தே தெரியும்னு நேத்து ராத்திரி எப்படி டீச்சர் சொன்னீங்க?"



"கொஞ்சம்தான் வெட்டினேன்" என்றாள் பிளெஸ்ஸி. "அந்த ரெண்டு பேரும் ஏமாந்து போகக் கூடாதுன்னு நேத்துச் சாயந்தரம் எறங்கி வெட்டினேன். காலையில வெறுங்கூட்டைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. அந்த நேரம் பாத்து இவரு எதுக்க வந்துட்டாரு."

"கண்டுபிடிக்கச் சொல்லி நீங்க எங்கிட்ட வரல டீச்சர். வேற யாரோ செஞ்சதுன்னு சொல்லச் சொல்லி வந்தீங்க" என்றார் சொர்ணவல்லி. அவர் குரலில் கோபமில்லை. அதுதான் பிளெஸ்ஸிக்குத் தாங்கவில்லை.

"கூட்டத்துல நானே சொல்லிடுறேன்" என்றாள்.

நாகராசு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி எம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க டீச்சர். நான் எடுக்கலன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு அவ காலையிலேர்ந்து எனக்குச் சோறு போடல."

அவருடைய மனைவி அழகம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். பிளெஸ்ஸி வாய் திறப்பதற்குள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த மனுசன் செஞ்சதை மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். இவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."