நிலவறைக்கு மேலே ஒரு வீடு

கம்பளத்தில் புளித்த பியர் மணத்தது.

புது வீடு, கீழ்த்தளம். சாவியை நகரக் கவுன்சில் போன கிழமைதான் தந்தது. சுவரில் அடித்த பெயின்றின் வாசம் இன்னும் போகவில்லை. ஆனால் ஹோலின் நடுவில் வந்து நின்றால், அந்த வாசத்துக்கும் அடியிலிருந்து, சிந்திக் காய்ந்த பியரும் நனைந்த சிகரெட் சாம்பலும் காற்றே படாத ஈரச் சுவரும் கலந்த ஒரு நெடி மெதுவாக எழும்பி றோஸ்மலரின் தொண்டைவரை இறங்கியது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஏதும் மணக்குதே?"

கணவன் கிறிஸ்துராஜா சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே மூச்சை இழுத்துப் பார்த்தான். "பெயின்ற்தான் மணக்குது. உமக்கு இந்த வீடு பிடிக்கேல்லை. அதுதான் ஒவ்வொண்டாச் சொல்லுறீர்."

"பிள்ளைக்கும் வந்த நாளிலயிருந்து காய்ச்சல்."

"குளிர் காலமெண்டால் காய்ச்சல் வரும்தானே. நான் வாறன்."

கதவு சாத்தப்பட்டது. அறைக்குள் நான்கு வயது அனிற்றா நித்திரை. றோஸ்மலர் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். மணி எட்டு. ஜன்னலுக்கு வெளியே லண்டன் நோர்பரியின் தெரு சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது.

வீடு பிடிக்கவில்லை என்பது உண்மைதான். கவுன்சில் கடிதத்தில் 'ஹெரன் கோர்ட்' என்ற பெயரைப் படித்ததுமே கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். வேண்டாமென்று அழுதாள். ஏன் என்று அவன் கேட்டான். ஏதோ ஒரு சாட்டுச் சொல்லிச் சமாளித்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் இதே இடத்தில் 'வைற் ஹெரன்' என்றொரு பப் இருந்தது. லண்டனுக்கு வந்த புதிதில், கலியாணத்துக்கு முதல், காலை வேளையில் அங்கே துப்புரவு வேலை செய்தாள். காலில் ஒட்டும் சிவப்புக் கம்பளம், சாம்பல் நிரம்பிய தட்டுகள், அடியில் ஒரு வாய் பியர் மிஞ்சிய கிளாஸ்கள், இருட்டு வாசம் வீசும் நிலவறை என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடத்தியவர் மிஸ்டர் ஹாலிஸ். தனிக்கட்டை. மலைபோல உடம்பு. முதல் மாதம் அவளை அன்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த மாதம் தோளில் கை வைத்தார். பப்பை மூடிவிட்டு ஒதுக்கிக்கொண்டிருந்த கடைசி நாளில், வெறும் போத்தல் பெட்டிகளை அடுக்க அவள் நிலவறைக்குள் இறங்கியிருந்தபோது, பின்னாலேயே இறங்கி வந்தார்.

எப்படித் தப்பினாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியை அவர்மேல் தள்ளிவிட்டு ஏணிப்படியில் ஏறினாள். தரையோடு பதிந்திருந்த பலகைக் கதவை மூடினாள். கொண்டியை இழுத்துப் பூட்டினாள்.

கீழே அவர் முதலில் சிரித்தார். பிறகு ஏசினார். பிறகு தட்டத் தொடங்கினார். மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து, மறுபடி மூன்று.

யாராவது வந்து திறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். அடுத்த நாள் மனம் கேட்காமல் திரும்பி வந்தபோது, கதவுக்கும் ஜன்னலுக்கும் பலகை அடித்திருந்தார்கள். பலகையில் காதை வைத்தாள். தூரத்தில், பலமில்லாமல், மூன்று தட்டு.

பொலிசிடம் போகலாம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவளுடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகாமல் கிடந்தது. திருப்பி அனுப்பிவிட்டால்? அந்த நேரம் பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

ஹாலிஸ் ஸ்பெயினுக்குப் போய்விட்டாராம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பப்பை இடித்தவர்கள் அந்தக் கல்லையும் மண்ணையும் நிலவறைக்குள்ளேயே கொட்டி நிரப்பி, மேலே கொங்கிறீற் ஊற்றி இந்தக் கட்டிடத்தை எழுப்பினார்கள்.

குசினியில் பிரிட்ஜின் இரைச்சல் நின்றது. அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று தெரிந்தது.

டொக். டொக். டொக்.

ஹீற்றர் குழாயாக இருக்கும். சூடேறினால் சத்தம் போடும். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது.

டொக். டொக். டொக்.

ஹோலின் நடுவில் முழந்தாளிட்டாள். கம்பளத்தில் உள்ளங்கையை வைத்தாள். ஈரம். அந்தக் கையின் கீழேயே, சரியாக அந்தக் கையைத் தேடி வந்ததுபோல, தட்டு விழுந்தது. எலும்புவரை உறைத்தது.

"சொறி, மிஸ்டர் ஹாலிஸ்," என்றாள். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது தமிழிலேயே கொட்டியது. "நான் பயத்திலதான் பூட்டினனான். ஆனா அடுத்த நாள் கேட்டது... கேட்டிட்டுத்தான் போனனான். அது என்ர பிழை. இண்டைக்கே பொலிசிட்டைச் சொல்லுறன். தோண்டி எடுக்கச் சொல்லுறன். எங்களை விட்டிடுங்கோ."

தட்டுவது நின்றது.

அவள் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. ஒன்றுமில்லை. கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

நெடி இல்லை.

இங்கே இல்லை.

அறைக்குப் போகும் நடைப் பக்கமிருந்து வந்தது.

தலையைத் திருப்பினாள். வெளிர் நிறக் கம்பளத்தில் சீமெந்துத் தூள். அகலமான சப்பாத்துத் தடங்கள். அவளுக்குப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றும் கம்பளத்தை ஆழமாக அமுக்கியிருந்தது. போனவைதான் இருந்தன. திரும்பி வந்தது ஒன்றுமில்லை.

அனிற்றாவின் அறைக் கதவு திறந்திருந்தது.

தவழ்ந்தாள். சுவரைப் பிடித்தாள். வாசலுக்கு வந்தாள்.

அறைக்குள் யாருமில்லை. பிள்ளை மட்டும். நித்திரை. சீரான மூச்சு.

கட்டிலின் விளிம்பு கீழே அமிழ்ந்தது. மெதுவாக. பாரமான ஆள் ஒருவர் உட்காரும்போது அமிழ்வதுபோல. ஸ்பிரிங் முனகியது. பள்ளம் நீண்டது. தலையணையின் மற்றப் பாதியும் குழிந்தது.

பிள்ளை நித்திரையிலேயே சரிந்து, அந்தப் பள்ளத்துக்குள் உருண்டது.